ரேட் ஏத்தினா பார்ட்டி போயிடுமா? ஜாப் ஒர்க் முதலாளியின் பயங்களுக்கு ஒரு பதில்

கேள்வியின் சுருக்கம் இது. கோவை கணபதியில் இரண்டு சிஎன்சி டர்னிங் மிஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மிஷின்) வைத்து 11 வருடமாக ஜாப் ஒர்க் (பிற கம்பெனிகளின் மெட்டீரியலைக் கூலிக்குக் கடைந்து தருவது) செய்கிறார் கேள்வி கேட்டவர். இரண்டு ஷிப்ட், நான்கு ஆபரேட்டர்கள். மணிக்கு 400 ரூபாய் ரேட். நான்கு வருடமாக அதே ரேட். வேலைக்குக் குறைவில்லை, மிச்சம்தான் இல்லை. வேலை தரும் கம்பெனிகளைத்தான் 'பார்ட்டி' என்கிறார். "ரேட் ஏத்தினா பார்ட்டி போயிடுவாங்க. நான் மிஷின் பக்கத்துல நிக்கலைன்னா ரிஜெக்‌ஷன் வரும். பேலன்ஸை அழுத்திக் கேட்டா ஆர்டர் நின்னுடும். இங்கிலீஷ் வராது, அதனால பெரிய கம்பெனி வாசப்படி ஏற முடியலை. இதெல்லாம் என் மனத்தடைதான்னு தெரியுது. எப்படித் தாண்டறது?"

நான்கையும் மனத்தடை என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பிரிக்க வேண்டும். ரேட் பற்றிய பயம் பெரும்பாலும் கணக்குப் போடாததால் வருவது. ரிஜெக்‌ஷன் பயம் (அளவு தப்பிய பீஸைப் பார்ட்டி தள்ளிவிடுவது) இன்றைய தேதிக்கு உண்மையாகவே இருக்கலாம். வேலை முழுக்க உங்கள் தலைக்குள் இருந்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் கெடத்தான் செய்யும். பேலன்ஸ், அதாவது வரவேண்டிய பாக்கி பற்றிய பயத்தில் பாதி, சட்டம் உங்கள் பக்கம் இருப்பது தெரியாததால். இங்கிலீஷ் விஷயம் இருப்பதிலேயே சின்னது. இவற்றுக்கு நடுவே போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: மொத்த வேலையில் 65 சதவீதம் ஒரே பம்ப் கம்பெனியிடமிருந்து வருகிறது என்று. உங்கள் பட்டியலில் அது இல்லை. ஆனால் பயப்பட வேண்டியது அதற்குத்தான். அந்த விஷயத்துக்குக் கடைசிப் பக்கம் வருகிறேன்.

தைரியம் வந்தபின் செய்யலாம் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். 'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் விளக்கினார். அவர் சொன்ன நான்கு ஊற்றுகளில் வலுவானது, தானே ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவம். அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதை நேரில் பார்ப்பது. பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை அதற்கும் பின்னால்தான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் ஹாலில் கேட்ட தன்னம்பிக்கைப் பேச்சு செவ்வாய்க்கிழமை பர்ச்சேஸ் ஆபீசர் முன்னால் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் முனைவோரை வைத்து நடத்திய ஆய்வு 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஒரு குழுவுக்குக் கணக்கு, மார்க்கெட்டிங் போன்ற வழக்கமான பயிற்சி. இன்னொரு குழுவுக்கு, தானாக முன்வந்து ஒன்றை முயன்று, தடை வந்தால் வேறு வழி பார்க்கும் பழக்கத்தில் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. முயன்று பார்க்கும் பயிற்சி பெற்றவர்களின் லாபம் சுமார் 30 சதவீதம் கூடியது. வழக்கமான பயிற்சியில் அது 11 சதவீதம். அதுவும் உறுதியாகச் சொல்லமுடியாத அளவு.

அதனால் பயத்தை முதலில் ஒரு கணிப்பாக எழுத வேண்டும். 'ரேட் ஏத்தினா போயிடுவாங்க' என்பதை யாராலும் சோதிக்க முடியாது. 'ஏப்ரல் 1 முதல் மூன்று பார்ட்டிக்கு 15 சதவீதம் ஏற்றினால், ஜூன் 30-க்குள் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிடுவார்கள்' என்று எழுதினால் சோதிக்கலாம். நோட்டில் ஐந்து வரி போதும்: என்ன செய்யப்போகிறேன், என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், அது நடக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு, எந்தத் தேதியில் பார்ப்பேன், எவ்வளவு நஷ்டம் வந்தால் நிறுத்துவேன். ஆறாவது வரியைக் காலியாக விடுங்கள். உண்மையில் நடந்ததை அங்கே எழுதலாம். பீஸைக் கையில் தடவிப் பார்த்து நீங்கள் ஓகே போடுவதில்லை, கேஜ் (அளவுக் கருவி) வைக்கிறீர்கள். இதுவும் அந்த வேலைதான்.

இனி ரேட். இதுதான் பெரிய விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

400 ரூபாய் எங்கிருந்து வந்தது? பக்கத்து ஷெட்டில் 400, அதனால் இங்கேயும் 400. அந்த ஷெட்டுக்காரரும் உங்களைப் பார்த்துத்தான் வைத்திருப்பார். ஒரு மிஷினுக்கு உதாரணக் கணக்கு கீழே. உங்கள் எண்களை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் வருடத்துக்கு.

தேய்மானம்: 20 லட்சம் ரூபாய் மிஷின், 8 வருடத்துக்குப் பிறகு 4 லட்சத்துக்குப் போகும் என்றால் 2,00,000.
மிஷினில் முடங்கிய பணத்துக்கு வட்டி: சராசரி 12 லட்சத்துக்கு 10 சதவீதம், 1,20,000.
வாடகையில் பாதிப் பங்கு: மாதம் 9,000, ஆக 1,08,000.
இரண்டு ஆபரேட்டர்கள், பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ் சேர்த்து மாதம் 42,000, ஆக 5,04,000.
பராமரிப்பு: 80,000.
உங்கள் சம்பளம், ஆடிட்டர், போன், வண்டி எல்லாம் சேர்த்து மாதம் 60,000-ல் பாதி, ஆக 3,60,000.

மொத்தம் 13,72,000. இதுபோக, மிஷின் ஓடும் மணிக்கு மட்டும் வரும் செலவு: கரண்ட் 45, இன்சர்ட்டும் (மாற்றிப் போடும் வெட்டு முனை) டூலும் 25, கூலன்ட், ஆயில் 5. மணிக்கு 75 ரூபாய்.

இப்போது இந்த 13,72,000-ஐ எத்தனை மணிநேரத்தால் வகுப்பது? எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். இரண்டு ஷிப்ட், 16 மணி, 300 நாள் என்று 4,800-ஆல் வகுப்பார்கள். மணிக்கு 286 வரும். 75-ஐச் சேர்த்தால் 361. '400-க்கு ஓட்டறோம், மணிக்கு 39 ரூபாய் நிக்குது' என்று திருப்தி. ஆனால் செட்டிங் (புது ஐட்டத்துக்கு மிஷினைத் தயாராக்குவது), லீவு, மெட்டீரியல் வராத நாள், பிரேக்டவுன், கரண்ட் இல்லாத நேரம் எல்லாம் போக, பில் போடக்கூடிய மணிநேரம் 65 சதவீதம் தேறினால் பெரிது. அது 3,120 மணி. அப்போது 440 கூட்டல் 75, ஆக 515. நீங்கள் 400-க்கு ஓட்டுகிறீர்கள்.

'அப்படின்னா நான் எப்பவோ கடையை மூடியிருக்கணுமே?' என்று கேட்பீர்கள். மூடாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு: உங்கள் சம்பளத்தை நீங்கள் எடுப்பதில்லை, மிஷினின் தேய்மானத்துக்கும் போட்ட பணத்தின் வட்டிக்கும் காசு ஒதுக்குவதில்லை. மேலே உள்ள 60,000-ல் உங்கள் சம்பளம் 40,000 என்று வையுங்கள். அதையும் தேய்மானத்தையும் வட்டியையும் எடுத்துவிட்டால் மணிச்செலவு சுமார் 335-க்கு இறங்கிவிடும். மீதி 65 ரூபாய் வீதம் இரண்டு மிஷினிலும் சேர்த்து வருடத்துக்கு 4 லட்சம், மாதம் 33 ஆயிரம் போல வீட்டுக்கு வரும். அதைத்தான் லாபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது உங்கள் கூலியைவிடக் குறைவு. மிஷின் தேய்ந்துபோகும் நாளில் வேறு மிஷின் வாங்க அதில் ஒரு ரூபாய்கூட இல்லை.

அடுத்த கணக்கு பயத்துக்கு நேராகப் பதில் சொல்வது. ரேட்டை ஏற்றினால் எவ்வளவு வேலை போனாலும் நஷ்டம் வராது? சூத்திரம் எளிது. ஏற்றிய தொகையை எடுங்கள். பழைய ரேட்டில் ஓட்டச் செலவு போக நின்ற மிச்சத்தையும் ஏற்றிய தொகையையும் கூட்டி, அதனால் வகுங்கள். 400-ல் 75 போக மிச்சம் 325. எல்லோருக்கும் 15 சதவீதம் ஏற்றினால் கூடுதல் 60. 60-ஐ 385-ஆல் வகுத்தால் 15.6 சதவீதம். இரண்டு மிஷினுக்கும் சேர்த்து வருடத்துக்கு 6,240 மணியில் சுமார் 970 மணிநேர வேலை கைநழுவினால்கூட இன்று வரும் பணம் அப்படியே வரும். அதற்குமேல் போனால்தான் நஷ்டம். இது பெரிய மெத்தை என்று சொல்லமாட்டேன். 20 சதவீத மார்ஜினில் வாங்கி விற்கும் கடைக்காரர் 5 சதவீதம் ஏற்றினாலே 20 சதவீத வியாபாரம் போனாலும் தாங்கும். ஜாப் ஒர்க்கில் அவ்வளவு இடம் இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் ஒரே நாளில் ஏற்றக்கூடாது.

முதலில் யாருக்கு? இரண்டு வாரம் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக நில்லுங்கள். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் மூன்று எண் எழுதுங்கள்: கட்டிங் நேரம், ஏற்றி இறக்கி அளந்து பார்க்கும் நேரம், ஒரு லாட்டுக்கு (ஒரே தடவையாக ஓட்டும் பீஸ்கள்) செட்டிங் நேரம். 3 நிமிடக் கட்டிங் என்று மணிக்கு 20 பீஸ் கணக்கில் பீஸுக்கு 20 ரூபாய் கொட்டேஷன் கொடுத்திருப்பீர்கள். ஏற்றி இறக்க 40 விநாடி ஆனால் மணிக்கு 16 பீஸுக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். அந்த ஐட்டத்தில் உங்கள் ரேட் 400 அல்ல, 327. செட்டிங் இன்னும் மோசம். இரண்டு மணிநேரச் செட்டிங், மணிக்கு 515 வீதம் 1,030 ரூபாய். 500 பீஸ் லாட்டில் அது பீஸுக்கு 2 ரூபாய். 50 பீஸ் லாட்டில் 20 ரூபாய்க்கு மேல். 'சின்ன லாட்தானே, போட்டுக் குடுங்க' என்று அன்பாகக் கேட்கும் பார்ட்டிதான் பெரும்பாலும் உங்களுக்கு நஷ்டம் வைப்பவர்.

இந்த எண்களை வைத்துப் பார்ட்டிகளை வரிசைப்படுத்துங்கள். மொத்த வேலையில் 10 சதவீதத்துக்கும் குறைவாகத் தருபவர், சின்ன லாட் கேட்பவர், பணம் தாமதிப்பவர்: இந்த மூன்றும் பொருந்தும் இரண்டு மூன்று பேரிடம்தான் சோதனை. அவர்கள் எல்லோரும் போனாலும் ஷெட் நின்றுவிடாது, அந்த மணிநேரத்துக்கு நல்ல ரேட்டில் வேலை கிடைத்தால் லாபம்கூட. பம்ப் கம்பெனியை இப்போது தொட வேண்டாம்.

கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்டக்கூடாது. ஐட்டம் வாரியாகப் பழைய ரேட், புது ரேட். அமலுக்கு வரும் தேதி, குறைந்தது 30 நாள் தள்ளி. கையில் இருக்கும் பிஓ-க்கள் (பர்ச்சேஸ் ஆர்டர்) பழைய ரேட்டிலேயே முடித்துத் தரப்படும் என்று ஒரு வரி. காரணம் ஒரே வரி: 2022 செப்டம்பருக்குப் பிறகு பலமுறை ஏறிய மின்கட்டணம், கூலி, இன்சர்ட் விலை. 200 பீஸுக்குக் குறைந்த லாட்டுக்குச் செட்டிங் சார்ஜ் தனி என்று இன்னொரு வரி. மன்னிப்புக் கேட்கும் தொனி, 'தங்களின் மேலான ஆதரவை எதிர்நோக்கி' என்று வளைந்து நிற்கும் பத்தி எதுவும் வேண்டாம். வளைவதைப் பார்த்ததும் எதிராளி பேரம் தொடங்குவார்.

போன் வரும். "என்னங்ண்ணா, மார்க்கெட்ல 350-க்கே பண்ணித் தர்றாங்களேங்க?" இதற்கு உடனே ரேட்டைக் குறைத்துப் பதில் சொல்வது கைப்பழக்கம். பதிலுக்கு ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த ஐட்டம்ங்க, எத்தனை பீஸ் லாட்டுக்குங்க?" பாதிப்பேரிடம் அதற்குப் பதில் இருக்காது. பதில் இருந்தால் அது உங்களுக்கு வேண்டிய தகவல், குறித்துக்கொள்ளுங்கள். எதையாவது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒன்றுக்கு ஒன்றாகப் பேசுங்கள். 500 பீஸ் லாட்டாகத் தந்தால் இவ்வளவு குறைப்பு, 15 நாளில் பேமெண்ட் வந்தால் இவ்வளவு குறைப்பு என்று. ரேட்டைச் சொன்ன பிறகு வரும் மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். பலர் தோற்பது அந்தப் பத்து விநாடியில்தான்.

இந்தச் சோதனை எப்படியெல்லாம் கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரேட்டை ஏற்றிவிட்டு, குற்றவுணர்ச்சியில் டெபரிங்கை (பிசிறு எடுப்பதை) இலவசமாகச் செய்து தருவது, சொந்த வண்டியில் கொண்டுபோய் இறக்குவது, மாதக் கடைசியில் 'உங்களுக்காக' என்று ரவுண்ட் ஆஃப் செய்வது. இப்படிச் செய்தால் பார்ட்டி போகாமல் இருந்தது ரேட்டுக்கா, இலவச வேலைக்கா என்று தெரியாது. பயம் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். இரண்டாவது, ரேட்டையும் செட்டிங் போடும் ஆளையும் டெலிவரி நாளையும் ஒரே மாதத்தில் மாற்றுவது. ஏதாவது தப்பானால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது, ஒரு பார்ட்டி கோபமாகப் பேசியதுமே கணக்கை மூடிவிடுவது. இழப்பு மனிதருக்குச் சமமான லாபத்தைவிடப் பெரிதாக உறைக்கும் என்பதை டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதினார்கள். பின்னர் அவர்கள் போட்ட கணக்கில் அது சுமார் இரண்டு மடங்கு. ஒரு பார்ட்டி போன வலி, இரண்டு பார்ட்டி பேசாமல் புது ரேட்டுக்குப் பிஓ அனுப்பியதை மறைத்துவிடும். குறித்த தேதி வரை நோட்டைத் திறக்காதீர்கள்.

அடுத்தது ரிஜெக்‌ஷன். 'நான் இல்லைன்னா வரும்' என்கிறீர்கள். நீங்கள் இருக்கும்போது எவ்வளவு வருகிறது? பெரும்பாலான ஷெட்டுகளில் இந்த எண் இல்லவே இல்லை. முதல் இரண்டு வாரம் நீங்கள் வழக்கம்போல் நின்றுகொண்டே எண்ணுங்கள்: ஓட்டியது எத்தனை, ரீஒர்க் எத்தனை, ஸ்கிராப் எத்தனை. அந்த எண் இல்லாமல் ஆபரேட்டரைக் குறைசொல்ல முடியாது.

பிறகு ஒரே ஒரு ஐட்டம் எடுங்கள். அடிக்கடி வருவது, மெட்டீரியல் விலை குறைந்தது, டாலரன்ஸ் (அளவில் அனுமதித்த வித்தியாசம்) ரொம்ப இறுக்கம் இல்லாதது. அதற்கு ஒரு செட்டிங் ஷீட். டிராயிங் நம்பரும் ரிவிஷனும், எந்த ஜா (பீஸைப் பிடிக்கும் தாடை), கிளாம்பிங் பிரஷர் எவ்வளவு, டரட்டில் (டூல்கள் மாட்டும் தலை) எந்த ஸ்டேஷனில் எந்த டூல், இன்சர்ட் கிரேடு, எத்தனை பீஸுக்கு முனை மாற்றுவது, முக்கிய அளவுகள், எதை எந்தக் கருவியால் பார்ப்பது. இதை நீங்கள் எழுதாதீர்கள். நீங்கள் செட் செய்யும்போது ஆபரேட்டர் பார்த்து எழுதட்டும். அவருக்குப் புரியாத இடத்தில்தான் ஷீட்டில் ஓட்டை இருக்கும். அது உங்கள் கண்ணுக்குப் படாது.

ஆஃப்செட்டை (டூல் நிற்கும் இடத்துக்கு மிஷினில் போடும் திருத்த அளவு) எப்போது தொடுவது என்பதில்தான் உங்கள் அனுபவம் முழுக்க இருக்கிறது. அதைப் பிரீ-கன்ட்ரோல் என்ற முறையால் ஒரு அட்டையில் எழுதிவிடலாம். 25 மில்லிமீட்டர் விட்டம், கூட்டல் கழித்தல் 0.02 என்று வையுங்கள். நடுவில் உள்ள பாதி, அதாவது 24.99 முதல் 25.01 வரை பச்சை. அதற்கு வெளியே டாலரன்ஸ் எல்லை வரை இருபுறமும் மஞ்சள். எல்லையைத் தாண்டினால் சிவப்பு. செட்டிங் முடிந்ததும் தொடர்ந்து ஐந்து பீஸ் பச்சையில் வந்தால்தான் லாட்டைத் தொடங்கலாம். அதன்பின் குறித்த இடைவெளியில், உதாரணமாக 20 பீஸுக்கு ஒருமுறை, அடுத்தடுத்து இரண்டு பீஸ் பாருங்கள். முதல் பீஸ் பச்சையென்றால் தொடரலாம். மஞ்சள் என்றால் அடுத்ததைப் பார்க்க வேண்டும். அதுவும் அதே பக்கம் மஞ்சள் என்றால் ஆஃப்செட் சரிசெய்ய வேண்டும். ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் மஞ்சள் என்றால் அது ஆஃப்செட் கோளாறு அல்ல. ஏதோ லூசாக இருக்கிறது, மிஷினை நிறுத்திவிட வேண்டும். சிவப்பு என்றாலும் நிறுத்தம். மூன்று கலரில் அட்டை அடித்து மிஷின் கதவில் ஒட்டினால் முடிந்தது.

அட்டையோடு அதிகாரமும் போக வேண்டும். உங்களுக்குப் போன் போடாமல் மிஷினை நிறுத்தலாம். 2,000 ரூபாய் வரை இன்சர்ட் தானே வாங்கலாம். பிறகு நீங்கள் அரைநாள் வெளியே போங்கள். அடுத்த வாரம் ஒரு நாள், அதற்கடுத்து மூன்று நாள். ஷெட்டில் சிசிடிவி இருந்தால் போனில் அதைத் திறந்து பார்க்காதீர்கள், அது வெளியே போனதில் சேராது. திரும்பி வந்ததும் கைவைக்கவும் வேண்டாம். ஆபரேட்டர் அட்டைப்படி போட்ட ஆஃப்செட்டை 'நான் இருந்தா இப்படிப் போட்டிருக்கமாட்டேன்' என்று மாற்றினீர்கள் என்றால், அன்றிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் உங்கள் முகத்தைப் பார்ப்பார். 'நான் இல்லைன்னா ஓடாது' என்பது அப்போதுதான் நிஜமாகிறது.

பேலன்ஸ் விஷயத்தைப் பார்ப்போம். 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) வளர்ச்சிச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளுக்குள், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் வாங்குபவர் பணம் தரவேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூடும் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது. உங்களுக்குக் கெடுவைத் தாண்டி நிலுவை வைத்தால், உண்மையில் பணம் கட்டிய ஆண்டில்தான் அதைத் தங்கள் செலவாக அவர்கள் கழிக்க முடியும். மார்ச் மாதத்தில் அவர்கள் ஆடிட்டரே உங்கள் பில்லைத் தேடுவார். இவற்றுக்கெல்லாம் உத்யம் பதிவு (இத்தகைய தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்க வேண்டும். ஆதாரும் பான் நம்பரும், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த நம்பரும் போதும், கட்டணம் கிடையாது. யாராவது 1,500 ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சட்டம் இருக்கிறது என்பதற்காக எடுத்த எடுப்பில் தாமதப் பாக்கிக்கான அரசுத் தளத்தில் புகார் போட வேண்டாம். அது கடைசிப் படி. பெரும்பாலும் அந்தப் பார்ட்டியோடு உறவு முடிந்த பிறகு போவது. தினசரிப் பழக்கம் இதைவிட அதிகம் வேலை செய்யும். டெலிவரி சலானோடு அன்றே பில். பில்லிலேயே உத்யம் நம்பரும் 'கெடு 45 நாள்' என்ற வரியும். மாதம் 1-ம் தேதி எல்லோருக்கும், கெடு தாண்டாதவருக்கும் சேர்த்து, ஸ்டேட்மெண்ட். எல்லோருக்கும் போவதால் யாருக்கும் அது குத்தலாகத் தெரியாது. கெடுவுக்கு ஏழு நாள் முன்பே அக்கவுண்ட்ஸில் இருப்பவரிடம், முதலாளியிடம் அல்ல, "பில் பாஸ் ஆயிடுச்சுங்களா?" என்று கேளுங்கள். தாமதத்தில் பாதி, ஜிஆர்என் (சரக்கு வந்துசேர்ந்த பதிவு) போடாததால் டேபிளில் கிடக்கும் பில்தான். 46-ம் நாள் ஒரு கடிதம். 60-ம் நாள், பாக்கி வரும்வரை புது மெட்டீரியலை ஏற்றுவதில்லை என்று அமைதியாகச் சொல்வது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனி என்றால் டிரெட்ஸ் தளத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் உங்கள் பில்லை அதில் ஒப்புக்கொண்டால் வங்கி உடனே தள்ளுபடி செய்து பணம் தரும். பின்னால் கம்பெனி கட்டவில்லை என்றாலும் உங்களிடம் திரும்பக் கேட்க முடியாது. பர்ச்சேஸ் ஆபீசரிடம் இதைக் கேட்பதில் சண்டையே இல்லை, ஒரு விசாரிப்புதான்.

இங்கிலீஷ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிராயிங் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த மொழி ஏற்கெனவே தெரியும். கொட்டேஷன் எட்டு வரிதான். ஒருமுறை யாரையாவது வைத்து வார்ப்புரு செய்துகொண்டால் எண்களை மட்டும் மாற்றலாம். கம்பெனியின் தரப் பிரிவு கேட்பது இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், கேஜ் காலிபரேஷன் சர்டிபிகேட், ரிஜெக்‌ஷன் பதிவேடு. மேலே சொன்ன வேலையைச் செய்தால் இவற்றில் பாதி கையில் இருக்கும். பல ஷெட்டுக்காரர்கள் 'இங்கிலீஷ் வராது' என்று சொல்வது, 'காட்ட ரெக்கார்டு இல்லை' என்பதற்கு மரியாதையான பெயர்.

இப்போது அந்த 65 சதவீதம். வீட்டில் பெரியவர்கள் 'பறக்கறதுக்கு ஆசைப்பட்டு இருக்கறதை விடாதே' என்பார்கள். ஒரே பார்ட்டியை நம்பி இருப்பவருக்கு அது நல்ல புத்திமதிதான், இன்றைக்கு மட்டும். அந்தக் கம்பெனி ஐட்டத்தைச் சொந்தமாகச் செய்ய ஒரு மிஷின் வாங்கினால் உங்கள் இரண்டு மிஷினில் ஒன்று நின்றுவிடும். அதனால் அங்கே ரேட் பேசுவதற்கு முன் வெளியே வேலை வேண்டும். பம்பைத் தவிர்த்து வேறு துறையில், வால்வு, ஜவுளி மிஷின் பாகம், ஆட்டோ பாகம் என்று 25 பெயர் எழுதுங்கள். மாதம் இரண்டு பேருக்குச் சாம்பிள் லாட். கொடிசியா, டாக்ட் போன்ற சிறுதொழில் சங்கத்தில் உங்கள் அளவுக்காரர், அதாவது மூன்று நான்கு மிஷின் வைத்திருப்பவர், ஏற்கெனவே ஐந்தாறு பார்ட்டிக்கு ஓட்டுபவர் ஒருவரைப் பிடித்து அவர் ஷெட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்று அதுதான். நூறு கோடிக்காரரின் பேச்சு இதற்கு உதவாது. அவர் உங்களைப் போன்றவர் இல்லை என்று உங்கள் மனசுக்குத் தெரியும். ஒன்றரை வருடத்தில் 65-ஐ 40-க்குக் கொண்டுவர முடிந்தால், அதன்பிறகு பம்ப் கம்பெனிக்கும் அதே அரைப்பக்கக் கடிதம் போகலாம்.

கடைசியாக, சோதனையில் பயம்தான் ஜெயித்தது, கடிதம் போன மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று வையுங்கள். அப்போது பயம் சொன்னது சரி, அந்த வகை வேலைக்குக் கோவையில் 400-தான் போகிறது. ஆறாவது வரியில் அதை எழுதுங்கள். அடுத்த கேள்வி, 515-ஐக் கீழே கொண்டுவர முடியுமா என்பது. சாஃப்ட் ஜா-வை ஐட்டம் வாரியாக முன்கூட்டியே பீஸ் அளவுக்குக் கடைந்து எண்போட்டு வைத்து, டூலை வெளியே வைத்தே அளந்து தயாராக்கினால், இரண்டு மணிநேரச் செட்டிங் ஒரு மணிக்குக் குறையும். ஓடும் நேரம் 65-லிருந்து 75 சதவீதமானால் மணிச்செலவு 456. 85 சதவீதம் ஓட்டினால், அது ஒரு சின்ன ஷெட்டுக்கு மிக மிக அதிகம், அப்போதும் 411. எப்படிப் புரட்டிப் போட்டாலும், உங்கள் கூலியை எடுத்துக்கொண்டு 400-க்கு ஓட்டமுடியாத ஐட்டங்கள் அவை. அவற்றைத் திருப்பி வாங்க அலைய வேண்டாம். அந்த மணிநேரத்தில் சாம்பிள் லாட் ஓட்டுங்கள்.